நுழைவுச்சீட்டு வேடந்தாங்கலில், இரை உத்திரமேரூரில்

டிசம்பர், ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் வேடந்தாங்கலுக்குக் கிளம்பும் சென்னைக்காரர்கள் பெரும்பாலும் பதினோரு மணிக்கு மேல்தான் போய்ச் சேர்கிறார்கள். செங்கல்பட்டில் டிபன், படாளம் கூட்டுரோட்டில் டீ என்று நின்று நின்று வந்து, நுழைவுச்சீட்டு வாங்கி, வாடகைக்கு பைனாகுலர் எடுத்து, காட்சிக் கோபுரத்தில் ஏறும்போது உச்சி வெயில் கண்ணைக் கூசுகிறது. தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் வெள்ளை வெள்ளையாகப் பறவைகள் தெரிகின்றன. ஆனால், விளம்பரப் படத்தில் பார்த்த கூட்டம் இல்லை. பாதிதான் இருக்கிறது என்று சலித்துக்கொண்டே இறங்குகிறார்கள். அவர்கள் சொல்வதில் தவறில்லை. அடைகாக்கும் நாள்களில் ஜோடியில் ஒன்று கூட்டில் இருக்கும், மற்றது இரை தேடப் போயிருக்கும். குஞ்சுகள் கொஞ்சம் தேறிவிட்டால் இரண்டுமே போய்விடும். மீதிப் பாதி எங்கே போனது என்று கேட்டால்தான் இந்த வட்டாரத்தின் இயற்கைச் சுற்றுலாவைப் பற்றி உருப்படியாகப் பேச முடியும்.

அந்தப் பாதியில் ஒரு பங்கு உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரிகளிலும் வயல்களிலும் நிற்கிறது. மதுராந்தகம் ஏரியிலும், வளையபுத்தூர், வெள்ளபுத்தூர் ஏரிகளிலும், அவற்றின் ஆயக்கட்டுகளிலும் மற்ற பங்கு. வேடந்தாங்கலிலிருந்து உத்திரமேரூர் வான்வழியில் 15 கிலோமீட்டர்கூட இல்லை. இன்னொரு பறவைகள் சரணாலயமான கரிக்கிலி அதைவிடவும் பக்கம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது மதுராந்தகம் வட்டத்தோடு வேடந்தாங்கலும் கரிக்கிலியும் அங்கே போய்விட்டன. உத்திரமேரூர் காஞ்சிபுரத்திலேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து பறவை ஒரு கலெக்டருக்கும் அதன் இரை இன்னொரு கலெக்டருக்கும் சொந்தம்.

2022-ல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. தமிழ்நாட்டில் இன்று 20 ராம்சர் தலங்கள் இருக்கின்றன. இந்தியாவில் வேறெந்த மாநிலத்துக்கும் இத்தனை இல்லை. பெருமைதான். ஆனால், பட்டியலில் உள்ள பரப்பைப் பாருங்கள்: வேடந்தாங்கல் சுமார் 40 ஹெக்டேர், கரிக்கிலி சுமார் 58 ஹெக்டேர். இரண்டையும் சேர்த்தாலும் ஒரு நடுத்தர ஏரியின் ஆயக்கட்டு அளவுக்குத்தான் வரும். நல்ல மழையாண்டில் பல்லாயிரம் பறவைகள் அங்கே கூடு கட்டுகின்றன. அவற்றின் குஞ்சுகளுக்கு வேண்டிய மீன், நத்தை, தவளை, பூச்சி எல்லாவற்றையும் நூறு ஹெக்டேர் தண்ணீர் தந்துவிடும் என்று எந்த மீன்பிடிக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார். வேடந்தாங்கல் பிள்ளை பெறும் வீடு. சமையலறை வேறிடத்தில் இருக்கிறது.

சமையலறை எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரவாக்கில் பிடிக்கும். ஏரிகள் நிரம்பும். நீர்க்கடம்பு மரத்தடியில் தண்ணீர் ஏறியதும் நத்தைகுத்தி நாரைகளும் கொக்குகளும் வந்து இடம் பிடிக்கத் தொடங்கும். பிறகு மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். குஞ்சுகள் பொரிந்து பசியெடுத்துக் கத்துவது தை, மாசியில். அதே தையில்தான் காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயிகள் சம்பா அறுத்துவிட்டு நவரைக்கு இறங்குகிறார்கள். ஏரியில் தண்ணீர் இருந்தால் மதகு திறக்கப்படும், வயலில் சேறடிப்பார்கள். இந்தப் பறவைகளின் இனப்பெருக்கக் காலத்தின் உச்சமும் ஏரிப்பாசனத்தின் நவரைப் பட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. மதகு திறக்காத ஆண்டில் விவசாயிக்கு ஒரு போகம் போகிறது. நாரைக்கு ஒரு தலைமுறையே போய்விடலாம்.

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஏதாவது ஓர் ஏரிக்கரையில் தை மாதக் காலையில் போய் நின்றால் இது புரியும். கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் சேற்றை உழுதுகொண்டு போக, அதன் பின்னாலேயே உண்ணிக்கொக்கும் சின்னக்கொக்கும் ஓடும். கொஞ்சம் தள்ளி, சத்தத்துக்கு ஒதுங்கி, நத்தைகுத்தி நாரை நிற்கும். அதன் அலகின் இரு பாதிகளும் மூடினாலும் நடுவில் இடைவெளி விட்டே நிற்கும். பார்ப்பதற்கு வாய் கோணியதுபோலத் தெரியும். சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவி ஒரு நத்தையைப் பிடிக்கும். ஓட்டை உடைக்காது. நத்தையைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழலகின் கூர்நுனியை ஓட்டின் மூடிக்கு அடியில் நுழைத்து, சதை ஓட்டோடு ஒட்டியிருக்கும் இடத்தை அறுத்து, உள்ளிருப்பதை முழுசாக உருவி எடுத்துவிடும். சில நொடி வேலை. தலையை ஒருமுறை மேலே தூக்கி விழுங்கும். அது நகர்ந்த பிறகு வரப்போரம் போய்ப் பார்த்தால், உடையாத நத்தை ஓடுகள் காலியாகக் கிடக்கும். நாற்று நட்ட வயலில் நத்தை பெருகினால் பயிருக்குச் சேதம் என்று மருந்தடிக்கும் விவசாயிக்கு, கூலி கேட்காத இந்த ஆளைப் பற்றி வேளாண்மைத் துறை எத்தனை முறை சொல்லியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆண்டுதோறும் நவம்பரில் தொலைக்காட்சிகளும் செய்தித்தாள்களும் வேடந்தாங்கலில் வெளிநாட்டுப் பறவைகள் குவிந்தன என்று ஒரு செய்தியைப் போட்டுவிடுகின்றன. ஆஸ்திரேலியா, சைபீரியா, பாகிஸ்தான் என்று நாடுகளின் பட்டியலும் கூடவே வரும். ஊசிவால் வாத்தும், நீலச்சிறகியும், தட்டைவாயனும் வடக்கே நெடுந்தொலைவிலிருந்து வலசை வருபவை என்பது உண்மை. ஆனால், அவை இங்கே கூடு கட்டுவதில்லை. குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் போய்விடும். மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நாரைகளும் கூழைக்கடாக்களும் கொக்குகளும் நம் நாட்டுப் பறவைகள். மழையும் இரையும் எங்கே இருக்கிறதோ அங்கே ஏரி விட்டு ஏரி மாறித் திரிபவை. விருந்தாளி என்று சொல்லிவிட்டால் வந்தபோது வரவேற்று, போகும்போது வழியனுப்பிவிடலாம். வீட்டுப் பிள்ளை என்றால் ஆண்டு முழுக்கச் சோறு போட வேண்டும். வெளிநாட்டுக் கதை நமக்கு வசதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ.

வேடந்தாங்கல் ஊர்க்காரர்களுக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்பது அவர்கள் பாட்டன் காலத்துப் பட்டறிவு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து பொழுதுபோக்குக்காகப் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு வழங்கி கவுல் என்ற உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர், 1790-களில் செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரிக்கரை உடையவிருந்த இரவில் ராமனும் லட்சுமணனும் வில்லோடு கரையில் காவல் நிற்பதைக் கண்டு, தாயாருக்குச் சன்னிதி கட்டிக் கொடுத்ததாக ஏரிகாத்த ராமர் கோயில் கதையில் வரும் அதே துரைதான். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஏரியையும் பறவையையும் ஒரே அதிகாரி ஒரே வேலையாகப் பார்த்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்று ஏரி நீர்வளத் துறைக்கு அல்லது ஊராட்சி ஒன்றியத்துக்கு, பறவை வனத் துறைக்கு, மீன் ஏலம் வேறொருவருக்கு, பயணி சுற்றுலாத் துறைக்கு.

கவுல் 1858-ல் புதுப்பிக்கப்பட்டது. 1936-ல் சரணாலயமாக அங்கீகாரம் கிடைத்தது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல். 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த 5 கிலோமீட்டர் கோட்டை யார் என்ன கணக்கில் போட்டிருந்தாலும், கூட்டைத் தாண்டி வயலும் சேர்ந்ததுதான் சரணாலயம் என்ற எண்ணம் அதில் இருந்தது. 2020-ல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்க ஒரு முன்மொழிவு வந்தது. அந்தப் பகுதியிலிருந்த மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் விரிவாக்கத்தோடு சேர்த்து அது பேசப்பட்டது. எதிர்ப்பு பலமாகக் கிளம்பி, முயற்சி நின்றது. நல்லது. ஆனால், அந்த விவாதம் முழுக்க மூன்றா ஐந்தா என்பதிலேயே சுற்றி நின்றுவிட்டது. பத்தாவது கிலோமீட்டரிலும் பதினைந்தாவது கிலோமீட்டரிலும் நாரை மேயும் நிலத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த நிலத்தில் நடப்பது என்ன? உத்திரமேரூர் வட்டாரம் கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைந்தது. டிப்பர் லாரி போகும் சாலையோரத்து மரங்கள் வெள்ளை பூசினதுபோல நிற்கும். தூர் வாருவது, சவுடு அள்ளுவது என்ற பெயர்களில் ஏரிகளில் மண் எடுக்கப்படுகிறது. வரத்துக்கால்வாய்கள் வீட்டுமனையாகின்றன. மீன் பாசி ஏலம் எடுத்தவருக்குக் கூழைக்கடாவும் நீர்க்காகமும் எதிரிகள். குத்தகைப் பணத்தைப் பறவை தின்கிறது என்று வெடி போட்டு விரட்டுகிறார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயம்தான், கடன் வாங்கி ஏலம் எடுத்தவர் அவர். தீபாவளிக்குக்கூட வெடி போடாமல் இருப்பவர்கள் என்று வேடந்தாங்கல்காரர்களைப் பாராட்டி எழுதுகிறோம். வேடந்தாங்கலில் வெடிக்காத வெடி இந்தப் பக்கத்து ஏரியில் வெடிக்கிறது, அதே பறவையின் தலைக்குமேல். வலை விரித்து, விஷம் வைத்துக் கொக்கு பிடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். வடக்கே, இதே மாவட்டத்தில், பரந்தூர் விமான நிலையத்துக்கென 2022-ல் குறிக்கப்பட்ட நிலத்தில் ஏரிகளும் நெல்வயல்களும் அடங்கியிருக்கின்றன. அங்குள்ள ஏகனாபுரத்து மக்கள் ஏன் போராடினார்கள் என்பதற்கு நிலம், வீடு என்ற காரணங்களே போதும். பறவையை நான் அந்தக் கணக்கில் கடைசியில்தான் சேர்ப்பேன். ஆனாலும் சேர்க்க வேண்டும்.

உத்திரமேரூருக்கு வெளியூர்க்காரர்கள் வராமலில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இவற்றைக் குறிப்பிட்டுப் பேசினார். வருபவர்கள் மண்டபத்தைச் சுற்றி வந்து, சுந்தரவரதப் பெருமாள் கோயிலையும் பார்த்துவிட்டு, காஞ்சிபுரத்துக்குப் பட்டு வாங்கப் போய்விடுகிறார்கள். கல்வெட்டில் 30 குடும்புகளிலிருந்து, அதாவது ஊர்ப் பிரிவுகளிலிருந்து, ஓலை போட்டு ஆள் எடுத்தது எந்தெந்த வேலைக்கு என்று கேட்பவர் குறைவு. ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள்கள். உலகமே வியக்கும் அந்தத் தேர்தல் முறை கணிசமான அளவுக்கு ஓர் ஏரியைப் பராமரிப்பதற்காக நடந்தது. அந்த ஏரி இன்றும் ஊரோரத்தில் கிடக்கிறது. பல்லவர் காலக் கல்வெட்டுகள் அதை வைரமேக தடாகம் என்கின்றன. தூர் வாருவதற்கென்று நெல்லும் பொன்னும் முதலாக வைத்து, அதன் வட்டியில் வேலை நடக்கும்படி அறக்கட்டளை ஏற்படுத்தியிருக்கிறார்கள். செய்யாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து நிறைக்கும் பெரிய ஏரி அது. மண்டபத்தைப் பார்த்தவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட அதன் கரையில் ஏறியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

பழம்பெருமை பாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த வாரியங்களுக்கு ஆள் எடுத்த ஊர்ச்சபை பிராமணர்களின் சபை. அதில் நிற்பவருக்கு வரி கட்டும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும், 35-க்கு மேல் 70-க்கு உட்பட்ட வயதும் வேண்டும். பெண்களுக்கு இடமில்லை. ஏரிக்கரையில் மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை. அதை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் எதிர்ப்பேன். ஆனால், அதில் ஒரு விதி மட்டும் இன்றைக்கும் உறைக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. சுற்றுலா வளர்ச்சி என்ற பெயரில் இன்று செலவாகும் பணத்துக்கு இந்த விதியைப் போட்டுப் பார்த்தால் எத்தனை பேர் தேறுவார்கள்?

ஏரி என்றாலே அரசு அலுவலகங்களில் ஒரு மாதிரி வரைபடம் தயாராக இருக்கிறது. கரையைச் சுற்றி பேவர் பிளாக் நடைபாதை, அலங்கார விளக்கு, நடுவில் செயற்கை நீரூற்று, படகுக் குழாம், வாயிலில் ஊர் பெயரை இதயம் போட்டு எழுதின செல்ஃபி பலகை. மாநகரத்துக்குள் இருக்கும் குளத்துக்கு அது பொருந்தலாம். உத்திரமேரூர்ப் பக்கத்துப் பாசன ஏரிகளுக்கு அது கேடு. இரவு முழுக்க எரியும் விளக்கு, மோட்டார் படகின் சத்தம், கரையோர நாணலை வெட்டி எறிந்து கட்டும் கைப்பிடிச் சுவர் எல்லாமே பறவையை விரட்டும். எல்லாவற்றையும்விட மோசமானது ஏரியை ஒரே ஆழமாகக் கிண்ணம்போலத் தோண்டிவிடுவது. நாரையும் கொக்கும் கரண்டிவாயனும் நின்று மேய்பவை. அவற்றுக்கு முழங்கால் அளவுத் தண்ணீர் வேண்டும். உள்வாயின் சரிவும் மேடும் போய்விட்டால் ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் கொக்குக்குக் கால் வைக்க இடமிருக்காது. 2017-லிருந்து குடிமராமத்து என்ற பெயரில் நடந்த வேலைகளில் சில இடங்களில் ஏரிகளுக்கு உயிர் வந்தது. சில இடங்களில் மண் மட்டும் போனது. தூர் எடுப்பதைவிட எங்கே எடுக்கிறோம், எங்கே விடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மதகடி ஆழமாகட்டும், உள்வாய் தாழ்வாகவே இருக்கட்டும். எடுத்த மண்ணை நடுவில் திட்டாகக் குவித்து நாலு கருவேலமும் நீர்க்கடம்பும் நட்டால் இன்னும் நல்லது.

அப்படியானால் உத்திரமேரூரில் சுற்றுலாவே வேண்டாமா? வேண்டும். வேடந்தாங்கலின் கூட்டத்தைக் கொஞ்சம் பிரித்துவிட வேண்டிய கட்டாயமே இருக்கிறது. காணும் பொங்கலன்று அங்கே போனவர்களுக்கு அது எவ்வளவு என்று தெரியும். ஆனால், அங்கே இருப்பதை இங்கே நகலெடுக்கக் கூடாது. வேடந்தாங்கல் நின்ற இடத்திலிருந்து பார்க்கும் இடம். ஒரு கரை, ஒரு கோபுரம், எதிரே மரம். உத்திரமேரூர்ப் பக்கம் நடந்து பார்க்கும் இடமாக இருக்கலாம். விடியற்காலையில் பத்துப் பேர் கொண்ட சிறு குழு ஏரிக்கரையில் ஏறி, மதகு, கலங்கல், வரத்துக்கால்வாய் என்று பார்த்துக்கொண்டே வயல்வரப்பில் இறங்கி, நவரை வயலில் நத்தைகுத்தி நாரை வேலை செய்வதைப் பார்த்து, வெயில் ஏறியதும் கல்வெட்டு மண்டபத்துக்கு வந்து, ஏரி வாரியம் பற்றிப் படித்துவிட்டு, மாலை நாலரைக்கு வேடந்தாங்கல் போய் கூடு திரும்பும் பறவைகளைப் பார்த்தால், காலையில் வயலில் பார்த்ததுதான் மாலையில் குஞ்சின் வாய்க்குள் போகிறது என்பது யாரும் சொல்லாமலே விளங்கும். வேடந்தாங்கலைப் பார்க்க வேண்டிய நேரமும் அதுதான். பொங்கல் நாள்களில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் ஊர் ஊராகப் போய்ப் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். கோபுரமும் படகும் இல்லாமல், ஒரு நோட்டும் கைப்பேசியும் வைத்துக்கொண்டு கரையில் நடக்கும் அவர்கள்தான் இந்தவகைப் பயணத்துக்கு முன்னோடிகள்.

கூட்டிப்போவது யார் என்பதில்தான் எனக்கு அக்கறை அதிகம். ஏரியை அறிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். மதகு திறந்து மூடும் நீர்க்கட்டிக்கு எந்தப் பறவை எந்த மூலையில் மேயும் என்று தெரியும். வரப்பு எலி பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்குத் தெரியாத பொந்தும் புதரும் இந்த வட்டாரத்தில் இல்லை. செங்கல்பட்டு மாவட்டம் சென்னேரியைச் சேர்ந்த இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். 2023-ல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். புளோரிடா தேடி வந்த அறிவு நம் ஊரில் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த வரலாறு உண்டு. வடநெம்மேலியில் 1978-லிருந்து இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்புத் தோல் வணிகம் தடைபட்டபின் அதே திறமையை விஷ முறிவு மருந்துக்கான விஷம் எடுப்பதற்குத் திருப்பியது. ஏரிக்கரை வழிகாட்டிகளுக்கு அப்படி ஒரு சங்கம் உத்திரமேரூரில் ஏன் இருக்கக் கூடாது? ஆங்கிலம் பேசத் தெரியாது என்பார்கள். வருபவர்களில் பெரும்பாலோர் தாம்பரத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் வருகிறார்கள். தமிழ் போதும்.

ஒடிசாவில் சிலிகா ஏரியின் வடகரையில் மங்களஜோடி என்ற ஊர் இருக்கிறது. பறவை வேட்டைக்குப் பேர்போன ஊர். 2000-ஆம் ஆண்டுவாக்கில் வேட்டைக்காரர்களே ஒன்றுசேர்ந்து பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். இன்று அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கழி ஊன்றித் தள்ளும் படகில் பயணிகளை அழைத்துப்போய்ப் பறவை காட்டுகிறார்கள். மோட்டார் கிடையாது. வேட்டையாடத் தெரிந்த கண்ணுக்குப் பறவை எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரியும் என்பதே அவர்களுடைய முதலீடு. கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்து கொக்கரே பெள்ளூரில் கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் ஊருக்குள்ளேயே புளியமரங்களில் கூடு கட்டுகின்றன. மகசூல் இழக்கும் மரத்துக்காரர்களுக்கு வனத் துறை இழப்பீடு தருகிறது. தொகை போதுமா என்ற சண்டை இருக்கலாம். கூட்டுக்கு இடம் கொடுப்பவருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையில் அங்கே சண்டையில்லை.

அந்தக் கொள்கையை ஒரு படி நீட்டினால் இரைக்கு இடம் கொடுப்பவருக்கும் பணம் போக வேண்டும். நான் சொல்ல வருவது இதுதான்: வேடந்தாங்கல் வாயிலில் வசூலாகும் நுழைவுக்கட்டணத்திலும், வாகனக் கட்டணத்திலும் ஒரு பங்கு, பறவைகள் மேயும் ஏரிகளின் பாசனச் சங்கங்களுக்கும் ஊராட்சிகளுக்கும் சட்டப்படி போக வேண்டும். மாவட்ட எல்லை குறுக்கே நிற்கக் கூடாது. எந்த ஏரிக்கு எவ்வளவு என்பதை ஆண்டுக் கணக்கெடுப்பில் தெரியும் பறவைகளை வைத்து முடிவு செய்யலாம். அந்தப் பணத்தில் நீர்க்கட்டிக்கு மாதச் சம்பளம் போகட்டும். பெரும்பாலான ஏரிகளில் அந்த வேலையே அழிந்துகொண்டிருக்கிறது. மீன் ஏலம் எடுத்தவருக்குப் பறவை தின்ற மீனுக்கு ஈடாக ஏலத் தொகையில் கழிவு கொடுத்து, வெடி போடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். நவரைக்குத் தண்ணீர் விடும் ஏரிகளில் உள்வாயில் ஓரளவு தண்ணீரை மார்ச் கடைசிவரை விட்டுவைப்பதற்கு ஆயக்கட்டுதாரர்களுக்கு ஊக்கத்தொகை தரலாம்.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் வரும். முதலாவது, வசூலாவதே சொற்பம், அதில் என்ன பங்கு என்பது. வசூல் சொற்பமா பெரிதா என்பதை வாயிற்பலகையில் மாதாமாதம் எழுதிப் போட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சொற்பம்தான் என்றால் தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இந்த மாவட்டத்து மண்ணையும் தண்ணீரையும் வைத்துத்தான் அவை ஓடுகின்றன. இரண்டாவது ஆட்சேபம் கனமானது. பணம் வந்தால் ஊர்ப்பெரிய மனிதர்கள் கைப்பற்றிவிடுவார்கள், பயணிகள் வந்தால் பண்ணை வீடுகளும் ரிசார்ட்டுகளும் ஏரி உள்வாய்வரை வந்து நிற்கும். நடக்கக்கூடியதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து உப்பங்கழிகளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தவர்களுக்கு இந்த அச்சம் வராமல் இருக்காது. அதனால்தான் தங்கும் விடுதி வேண்டாம், ஊர் வீடுகளில் சாப்பாடும் திண்ணையும் போதும் என்கிறேன். கரைமேல் வாகனம் ஏறக் கூடாது. டிரோன் பறக்கக் கூடாது. ஓர் ஏரிக்கு ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வேண்டும். ஏரிகளை முறைவைத்து மாற்ற வேண்டும். கரிக்கிலி கவனிக்கப்படாமல் அமைதியாகக் கிடப்பதால்தான் வாத்துகளுக்கு அது பிடிக்கிறது. அதை அப்படியே விட்டுவிடுவது சுற்றுலாத் துறை செய்யக்கூடிய பெரிய உதவி.

வேடந்தாங்கல்காரர்கள் தங்கள் கடமையை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறார்கள். அவர்களை ஆண்டுக்கொருமுறை பாராட்டிக் கட்டுரை எழுதுவதோடு நம் கடமை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். இப்போது பந்து உத்திரமேரூர் பக்கம் இருக்கிறது என்று சொன்னாலும், உத்திரமேரூர்க்காரர்களை மட்டும் குறைசொல்வதற்கில்லை. தங்கள் வயலில் நிற்கும் நாரைக்கு யாரோ ஒருவர் 15 கிலோமீட்டர் தள்ளி டிக்கெட் வாங்குகிறார் என்பதே அவர்களில் பலருக்குச் சொல்லப்படவில்லை.

அக்டோபர் 2-ஆம் தேதி எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடும். வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு, மூன்று வாரம் முன்னால். உத்திரமேரூர் ஒன்றியத்தின் ஏரிக்கரை ஊராட்சிகள் அந்தக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை வைக்கலாம்: எங்கள் ஏரிக்கு வரும் பறவைகளை இந்த ஆண்டு நாங்களே எண்ணுவோம், மீன் ஏல ஒப்பந்தத்தில் வெடிக்குத் தடை எழுதுவோம், வேடந்தாங்கல் வருமானத்தில் பங்கு கேட்டு இரு மாவட்ட ஆட்சியர்களுக்கும் மனு கொடுப்போம். ஏரிக் குழுவில் கணக்குக் காட்டாதவருக்கு அடுத்த முறை இடமில்லை என்று நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டால், அதற்கு முன்னுதாரணம் தேட அவர்கள் ஊரைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை.